உஷாகாவுக்கு ஓர் எட்டுப் போய்வருவது வீண் செலவா?

பாயிண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் புறநகரான சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த நான், சென்ற பிப்ரவரி மாதம் டர்பன் பாயிண்ட் பகுதியில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தேன். வேலை, துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில்; காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை மூன்றரைக்கு முடிந்துவிடும். வீடு திரும்பும் வழியில்தான், மீன்காட்சியகமும் நீர்ச்சறுக்குகளும் கொண்ட பூங்காவான உஷாகா கடல் உலகத்தின் வாசல் இருக்கிறது.

சிறுவயதில் உஷாகா என்றால் அது ஒரு படையெடுப்பு. ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் விடுமுறையில், பெரியப்பாவின் காம்பி வேனில் பதினொரு பேர் நெருக்கியடித்து ஏறி, பிரியாணிச் சட்டியைத் துணியால் கட்டி யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள, விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவோம். திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்போம். மூடும்போது காவலர் வந்து இரண்டு முறை சொன்ன பிறகுதான் கிளம்புவோம். அத்தனை மணி நேரத்தில் என்ன பார்த்தாய் என்று இப்போது யாராவது கேட்டால், நீர்ச்சறுக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுகளும், காலைச் சுட்ட சிமெண்டுத் தரையும்தான் நினைவுக்கு வருகின்றன.

இப்போது அப்படியில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது, வேலை முடிந்ததும், மனம் வந்தால் உள்ளே திரும்பிவிடுகிறேன். மனம் வராவிட்டால் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறேன். வில்லேஜ் வாக் கடைத்தெருவுக்குள் நுழையச் சீட்டு வேண்டியதில்லை என்பதால், பெரும்பாலும் ஒரு தேநீரைக் குடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கமாக வெளியேறிவிடுவேன். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மீன்காட்சியகத்துக்குச் சீட்டு வாங்கி, மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கையில் நுழைந்து, ஒரே ஒரு தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இதைக் கேட்ட என் அக்காவுக்குத் தாங்கவில்லை. முழு நாளுக்கான சீட்டை வாங்கி ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறவனுக்குக் காசின் அருமை தெரியாது என்பது அவள் தீர்ப்பு. இப்படித் திடீரென்று நினைத்துக்கொண்டு ஓர் எட்டுப் போய்வரும் பழக்கம் உங்களில் வேறு யாருக்கேனும் உண்டா, அல்லது அக்கா சொல்வதுதான் சரியா என்று அறிய விரும்புகிறேன்.

பீனிக்ஸ் அம்மா எழுதியது:

தம்பி, உங்கள் அக்காவின் பக்கம்தான் நான். நீங்கள் தனியாள், நடந்து போகும் தூரத்தில் இருக்கிறீர்கள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புறநகரான பீனிக்ஸிலிருந்து "திடீரென்று" புறப்படுவது எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். நான்கு மணிக்கு நினைத்தால், ஒருவனுடைய செருப்பைத் தேடி, இன்னொருத்திக்குத் தலை பின்னி, மாலை நெரிசலில் நகருக்குள் நுழைந்து, வண்டி நிறுத்த இடம் பார்ப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிடும், அங்கே பூட்டிவிடுவார்கள். உஷாகா பொதுவாக ஐந்து மணிக்கு மூடும் இடம் என்பதால், அதை மாலைப் பொழுதுக்கான இடம் என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

எங்கள் வழக்கம் வேறு. வெள்ளிக்கிழமை மாலையில் சில சமயம் வடக்குக் கடற்கரைப் பக்கமுள்ள ஃபன்வேர்ல்டுக்குப் போவோம். அங்கே நுழைவதற்குக் காசு இல்லை. ஏறுகிற ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று என்பது வீட்டில் செய்துகொண்ட ஒப்பந்தம். கடைசிப் பையன் பீனிக்ஸிலிருந்து கடற்கரை வரும்வரை மோதும் கார்தான் என்று சொல்லிக்கொண்டே வருவான். வண்டியை விட்டு இறங்கியதும் தலைக்கு மேலே தொங்கு நாற்காலிகள் போவதைப் பார்த்து மனத்தை மாற்றிக்கொள்வான். ஏறி உட்கார்ந்த பிறகு கீழே அக்காள் மோதும் காரில் போவதைப் பார்த்து அழுவான். இது தவறாமல் நடக்கும்.

ஹைவெல்ட் மழை எழுதியது:

ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் எங்களுக்கு இந்த விவாதமே ஆடம்பரம். இங்கே பக்கத்தில் இருப்பது கோல்ட் ரீஃப் சிட்டி. பழைய கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் எண் குழிவாயிலைச் சுற்றி எழுப்பப்பட்ட பூங்கா அது. செங்குத்தாகக் குழிக்குள் விழும் ஒரு வண்டியும் உண்டு. வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எல்லாம் அதில் அடக்கம் என்பதால், ஒரு மணி நேரத்துக்காக நுழைவதற்கு யாருக்கும் மனம் வராது. அப்படியே வந்தாலும், கோடைக்காலத்தில் நான்கு மணி வாக்கில் இடியும் மின்னலும் ஆலங்கட்டியுமாக வானம் கொட்டத் தொடங்கும்போது உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் காலையில் போய்ப் பிற்பகலில் திரும்பிவிடுகிற கூட்டம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

பாயிண்ட்வாசித் தம்பி எழுதியதில் "படையெடுப்பு" என்ற சொல்லைப் படித்து வெகுநேரம் சிரித்தேன். பிறகு அதைப் பற்றிச் சற்று யோசித்தேன். நம்மவர்கள் ஏன் எந்த இடத்துக்குப் போனாலும் சட்டி பானையோடும் சுற்றத்தோடும் ஒரு நாள் முழுவதற்குமாகப் போகிறார்கள் என்பதற்கு, சிக்கனம் ஒன்றே காரணமில்லை என்பது என் கருத்து.

நான் டர்பனின் மெர்பேங்கில் வளர்ந்தவன். என் இளமையில், இப்போது உஷாகா இருக்கும் இந்தக் கரையில் நாங்கள் கால் நனைக்க முடியாது. டர்பன் கடற்கரையை இன்னின்னாருக்கு இன்னின்ன துண்டு என்று பங்குபோட்டு வைத்திருந்தார்கள். இந்தியருக்கு விடப்பட்ட துண்டு வடக்கே பேட்டரி கடற்கரைப் பக்கம் இருந்தது. நகராட்சித் துணைவிதிகளின் 37ஆம் பிரிவின்படி இந்தப் பகுதி வெள்ளை இனத்தாருக்கு மட்டுமே உரியது என்ற பலகை ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு ஆகிய மூன்று மொழிகளிலும் நட்டுவைக்கப்பட்டிருந்தது. தமிழில் எழுதவில்லை, ஆனாலும் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. எல்லாக் கடற்கரைகளும் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று அதிபர் டி கிளெர்க் அறிவித்த நாள் 1989 நவம்பர் 16. பொது இடங்களைப் பிரித்துவைத்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கடுத்த ஆண்டு நீக்கப்பட்டது. ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் முன்னோர் 342 பேரை இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த நாளும் ஒரு நவம்பர் 16தான், 1860இல். இரண்டும் ஒரே தேதியில் அமைந்தது தற்செயல் என்றாலும், வகுப்பில் பாடம் நடத்துகையில் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

சொல்ல வந்தது இதுதான். அனுமதிக்கப்பட்ட இடம் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய தொலைவில் என்றால், யாரும் அங்கே சும்மா ஓர் எட்டுப் போய்வர மாட்டார்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு, சமைத்து எடுத்துக்கொண்டு, போன காரியம் முழுவதையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு வருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் பெரியப்பாவும் வளர்ந்திருப்பார். உஷாகா 2004இல் திறந்தபோது சட்டம் மாறி ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன; எங்கள் கால்கள் மாறவில்லை. ஒரு பொழுதுபோக்கு இடத்துக்குக் காரணமில்லாமல் போவதும், பிடிக்கவில்லையென்றால் பத்தே நிமிடத்தில் திரும்பிவிடுவதும் அந்த ஊர் தன்னுடையது என்று நினைப்பவனுக்குத்தான் வரும். உங்கள் அக்காவிடம் இதை வாதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பீனிக்ஸ் அம்மா எழுதியது:

ஐயா, தாங்கள் சொன்னது நெஞ்சைத் தொட்டது. இருந்தாலும் பெட்ரோல் விலை என்று ஒன்று இருக்கிறது.

தொட்டியோரம் எழுதியது:

நான் சில ஆண்டுகள் ஒரு மீன்காட்சியகத்தில் தன்னார்வ வழிகாட்டியாக இருந்தவள் என்பதால், ஒரே தொட்டியின் முன் உட்கார்ந்துவிட்டு வருவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பார்வையாளர்கள் ஒரு தொட்டியின் முன்னால் நிற்கும் நேரம் மிகக் குறைவு. மீனின் பெயரைப் படித்து, ஒரு படம் எடுத்து, குழந்தையைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்கள். நாள் முழுவதற்குமாக வந்தவர்கள்தான் இதில் மோசம். இன்னும் டால்பின் காட்சி இருக்கிறது, பென்குவின் இருக்கிறது, சறுக்கு இருக்கிறது என்ற அவசரம் அவர்களைப் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

உஷாகாவின் மீன்காட்சியகம், உடைந்து கரைதட்டிய ஒரு பழைய சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் இருப்பதுபோல் கட்டப்பட்டிருக்கிறது. வெளியே வெயில் எப்படியிருந்தாலும் உள்ளே எப்போதும் ஒரே மங்கிய நீல வெளிச்சம்தான். ஆகவே மாலையில் போவதால் எதையும் இழக்கப்போவதில்லை. அங்குள்ள ராகி சுறாவை, அதாவது வாய் மூடியிருந்தாலும் பற்கள் கோணல்மாணலாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பழுப்பு நிறச் சுறாவை, இருபது நிமிடம் தொடர்ந்து பாருங்கள். மற்ற பல மீன்களுக்கு இருப்பதுபோல், மிதக்க உதவும் காற்றுப்பை அதற்குக் கிடையாது. நீரின் மேற்பரப்புக்கு வந்து, காற்றை ஒரு மிடறு விழுங்கி இரைப்பையில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் வாலை அசைக்காமலே நடுநீரில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்க அதனால் முடிகிறது. அது மேலே போய் விழுங்கும் அந்த ஒரு கணத்தைப் பார்க்க வேண்டுமானால், அவசரமில்லாத ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். தொட்டியின் அடி மணலில் உதிர்ந்து கிடக்கும் பற்களையும் தேடிப் பாருங்கள். அதற்குப் பற்கள் விழுந்துகொண்டும் முளைத்துக்கொண்டும் இருக்கும்.

பென்குவின்களுக்கும் இதே கதைதான். ஆப்பிரிக்கப் பென்குவின் ஆண்டுக்கு ஒருமுறை இறகு முழுவதையும் உதிர்க்கும். ஏறக்குறைய மூன்று வாரம் நீரில் இறங்காமல், கடலோரத்தில் தானாக வாழ்வதாக இருந்தால் இரையும் இல்லாமல், கிழிந்த தலையணைபோல ஒரு மூலையில் நிற்கும். ஆண்டுக்கு ஒருநாள் வருகிறவர்கள் அதைப் பார்த்து நோய் என்று நினைத்து எங்களிடம் முறையிடுவார்கள். வாரந்தோறும் எட்டிப்பார்க்கும் ஒருவருக்கோ, சென்ற வாரம் கொழுத்து நின்றது, இந்த வாரம் பஞ்சு பறக்கிறது, அடுத்த மாதம் புதுச் சட்டை போட்டுக்கொள்கிறது என்று வரிசையாகத் தெரியும். 2024 அக்டோபரில் இந்தப் பறவையை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் பேரப்பிள்ளைகள் இதைக் கடலோரப் பாறையில் பார்ப்பார்களா என்பது ஐயம்தான்.

வரிசைக்கணக்கு எழுதியது:

தமிழ்நாட்டிலிருந்து வந்து டர்பனில் வேலை பார்க்கும் பொறியாளன் நான். காசு வீணா என்ற கேள்விக்கு என் கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு நீர்ச்சறுக்கில் அரை நிமிடத்துக்கு ஒருவரை அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 பேர். உங்களுக்கு முன்னால் 60 பேர் நின்றால், அரை மணி நேரம் வரிசையில். சறுக்குவதோ பத்துப் பதினைந்து விநாடி. பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு, காலையில் வந்த குடும்பங்கள் களைத்துப் போய், தோல் எரிகிறது, பசிக்கிறது என்று துண்டை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைப்பக்கம் நகரத் தொடங்கும்போது, அதே வரிசையில் பத்துப் பேர்தான் இருப்பார்கள் என்றால் உங்கள் முறை ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். காலை முழுவதும் நின்று ஏறியதைக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆகவே, சீட்டின் விலையை உள்ளே இருந்த நேரத்தால் வகுப்பது தவறான வகுத்தல். எத்தனை முறை சறுக்கினோம் என்பதால் வகுக்க வேண்டும். பாயிண்ட்வாசி சறுக்குவதே இல்லை என்பதால் இந்தக் கணக்கு அவருக்கு உதவாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஒரு பூங்காவுக்கு ஓர் எட்டுப் போய்வர முடியுமா என்பதைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமில்லை. சீட்டை எப்படி விற்கிறார்கள் என்பதும்தான். பயிற்சிக்காக இரண்டு மாதம் கோபன்ஹேகனில் இருந்தேன். அங்கே டிவோலி என்ற பூங்கா 1843இலிருந்து நகரின் நட்டநடுவில், தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. நுழைவுக்கு ஒரு சீட்டு, ராட்டினங்களுக்கு வேறு சீட்டு. இரவு வெகுநேரம் வரை திறந்திருப்பதால், ஆண்டு அட்டை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து வீட்டு வண்டியைப் பிடிப்பதற்கு முன் உள்ளே நுழைந்து, விளக்குகளைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டுப் போகிறார்கள். 1914இல் கட்டிய மரத்தாலான மலைவண்டி (ரோலர் கோஸ்டர்) ஒன்று இன்னும் ஓடுகிறது; அதில் பயணிகளுக்கு நடுவே ஒரு பணியாளர் உட்கார்ந்து கையால் தடையைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறார். நான் எத்தனை மாலை போயிருப்பேன் என்று எண்ணவில்லை. ஏறியது நான்கு முறைதான்.

அமெரிக்காவின் டிஸ்னிலேண்டும் 1955இல் திறந்தபோது ஒரே கட்டணப் பூங்காவாக இல்லை. நுழைவு தனி; ராட்டினங்களுக்குச் சீட்டு தனி. அதே ஆண்டில் சில மாதங்களில் எழுத்திட்ட சீட்டுப் புத்தகம் வந்தது. 1982இல்தான் அந்தப் புத்தகத்தை முழுவதுமாகக் கைவிட்டு, ஒருமுறை கொடுத்தால் எல்லாம் உண்டு என்ற முறைக்கு வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் ஆண்டு அட்டை வாங்கிக்கொண்டு, இரவு உணவுக்குப் பின் வாணவேடிக்கை பார்க்க மட்டும் போய்வருவது அங்கே பெரிய வழக்கமாக இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் புதிய அட்டை வந்தபோது, வரும் நாளை முன்பதிவு செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்தது. திடீரென்று தோன்றிப் போவதற்கு முன்பதிவு என்றால் அது எந்த ஊர் நியாயம் என்று என் மைத்துனர் அங்கிருந்து தொலைபேசியில் புலம்பினார்.

பீனிக்ஸ் அம்மா எழுதியது:

பொறியாளர் தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன். ராட்டினத்துக்கு ஒரு சீட்டு என்பது காகிதத்தில் அழகாக இருக்கும். உண்மையில் அது ஒழுகும் குழாய். ஆளுக்கு ஒன்று என்று நான் வைத்த ஒப்பந்தம் பல வெள்ளிக்கிழமைகளில் மூன்றில் போய் முடிந்திருக்கிறது. வாசலிலேயே மொத்தமாகப் பிடுங்கிக்கொள்கிற இடத்தில், உள்ளே போன பிறகு பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "ஏறிக்கொள்" என்று சொல்லித் தாய் நிம்மதியாக உட்காரலாம். அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. அதை உங்கள் வகுத்தலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைக்கணக்கு எழுதியது:

சேர்த்துக்கொண்டேன் அக்கா. விடை மாறிவிட்டது.

கேப் காற்று எழுதியது:

கேப் டவுனில் எங்களுக்கு ரடங்கா ஜங்ஷன் என்று ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. 1998இல் திறந்தார்கள், 2018இல் மூடிவிட்டார்கள். நான் அதற்கு மிக அருகில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தேன். மாலையில் மாடியில் துணி எடுக்கும்போது, மலைவண்டியில் இருப்பவர்கள் ஒரே குரலில் அலறுவது காற்றில் வரும். நன்றாக ஒருநாள் நேரம் ஒதுக்கிப் போக வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். போனது ஒரே ஒருமுறை. அதுவும் ஊரிலிருந்து விருந்தினர் வந்ததனால்.

வடகிழக்கன் எழுதியது:

அலைச்சறுக்குக்காக நாள்தோறும் இந்தக் கரைக்கு வருகிறவன் என்ற முறையில், போகலாமா வேண்டாமா என்ற முடிவைக் காற்றிடம் விட்டுவிடச் சொல்வேன். கோடையில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று எழும்பும். உப்புத் தூறல் முகத்தில் ஒட்டும், நனைந்த உடம்போடு சறுக்குக் கோபுரத்தின் உச்சியில் நின்றால் கோடை மாதமான டிசம்பரிலும் நடுக்கம் எடுக்கும். தென்மேற்குக் காற்று திரும்பிவிட்டால் மேகம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அன்று தொட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிசம்பரில் சூரியன் மறைய ஏழு மணிக்குச் சில நிமிடங்களே குறைவு என்பதால், ஐந்து மணிக்கு வெளியே வந்த பிறகும் கரையில் நடக்க இரண்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். ஜூனிலோ ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டிய பிறகு, ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள நடைபாதையை விட்டு விலகாதீர்கள். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பருவமில்லாத மாதங்களில் நீர்ச்சறுக்குப் பகுதி வாரத்தின் எல்லா நாள்களிலும் திறந்திருப்பதில்லை என்பதால், துண்டோடு போகிறவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ளட்டும்.

இஸிபிங்கோ மருமகள் எழுதியது:

விசாரிப்பது பற்றி ஒரு வார்த்தை. வேறொரு நாட்டில், பெயர் வேண்டாம், ஒரு பூங்காவுக்குக் கணவரோடு இப்படித்தான் மாலையில் போனேன். மூடும் நேரத்துக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. கையில் இணையத்தில் வாங்கிய சீட்டு. மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவோம் என்று வாசலில் இருந்த பெண் சொன்னாள். சீட்டில் அப்படி எழுதவில்லையே என்றேன். அவள் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்த கடைசி வரியை நகத்தால் சுட்டிக்காட்டினாள். கணவர் கண்ணாடியை எடுத்துவரவில்லை, நான்தான் படித்துக்காட்டினேன். காசும் திரும்பவில்லை. மூடும் நேரத்தைக் கேட்காதீர்கள். கடைசியாக உள்ளே விடும் நேரம் எது என்று கேளுங்கள்.

பாயிண்ட்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்த இழையைத் தொடங்கிய பிறகு நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

சென்ற புதன்கிழமை என் ஆயாவை (பாட்டியை) கண் மருத்துவரிடம் அழைத்துச்சென்றிருந்தேன். வயது எண்பத்து நான்கு. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே பார்த்து அனுப்பிவிட்டார்கள், மணி மூன்றரை. சாட்ஸ்வர்த்துக்குத் திரும்ப வண்டியை எடுத்தவன், ஆசிரியர் ஐயா எழுதியது நினைவுக்கு வர, "ஆயா, மீன் பார்க்கலாமா?" என்று கேட்டேன். மீன் வாங்கப் போவதாக நினைத்துக்கொண்டு, இந்த நேரத்துக்கு நல்ல மீன் எங்கே இருக்கப்போகிறது என்றார். விளக்கிச் சொன்னதும் தன் புடவையைக் குனிந்து பார்த்தார். மருத்துவரிடம் போவதற்காகக் கட்டிய சாதாரணப் புடவை அது. இப்படியே போனால் உள்ளே விடுவார்களா என்று கேட்டார். விடுவார்கள் என்றேன்.

இரண்டு சீட்டு வாங்கினேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். முதல் இரண்டு தொட்டிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கால் வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். சுறாத் தொட்டியின் எதிரில் உட்கார இடம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு கடந்து போனது. அதன்பிறகு எங்களைத் தவிர ஒரு துப்புரவுப் பணியாளர் மட்டும்தான். தொட்டியோரம் அக்கா எழுதிய அதே ராகி சுறா, கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில், அசையாமல் நின்றது. ஆயா புதிதாக மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கிறதே, இதற்கு வேலை ஒன்றும் கிடையாதா?" என்றார்.

நான் அந்தக் காற்று விழுங்கும் கதையைச் சொன்னேன். அது மேலே போகும்வரை இருப்போம் என்று அவரே சொன்னார். பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்தச் சுறா போகவில்லை. பின்னாலிருந்து வேறொன்று வந்து, வாலை இரண்டே வீச்சில் வீசி மேலேறி, எங்கள் பார்வைக்கு எட்டாத உயரத்தில் ஏதோ செய்துவிட்டு, அடிவயிறு தெரிய மெதுவாகக் கீழே இறங்கியது. ஆயா என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு எழுந்துகொண்டார். பென்குவின் இருக்கிறது, டால்பின் இருக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது என்றேன். "இன்றைக்கு இது போதும். அதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்தது மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

இரவு அக்கா அழைத்தாள். ஆயா அதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார். வழக்கமான வசவை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "ஆயாவுக்கு முதியோர் சலுகை உண்டா என்று விசாரித்தாயா?" விசாரிக்கவில்லை.

பீனிக்ஸ் அம்மா எழுதியது:

உங்கள் அக்காவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஒரு புதன்கிழமை மூன்று மணிக்குள் வந்து சேர முயல்கிறேன்; சுறாவோடு மட்டும் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளிடம் நீங்களே பேசிப் பாருங்கள். ஆயாவின் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துவாருங்கள்.